வாடை வந்ததா என்று கேட்டார்கள்

பேருந்துப் பணிமனையின் உணவறையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் டைம் கீப்பரைத்தான் முதலில் பேச அழைத்தார்கள். இறந்துபோன மெக்கானிக் றெக்கையின் தொடர் ஓட்ட அணியில் ஓடிய நால்வரில் இன்னும் பணியில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

முழங்கைகளை விரித்துக்கொண்டு ஓடுவதால் அவனுக்கு றெக்கை என்று பெயர். மூன்றாவதாக ஓடிவந்து கோலை அவன் கையில் திணிப்பது டைம் கீப்பரின் வேலை. ஐந்து ஆண்டு தொடர்ந்து கோப்பை. ஐந்து ஆண்டும் செய்தித்தாள் படத்தில் நெஞ்சை நிமிர்த்தி நாடாவை அறுத்தவன் றெக்கை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய டைம் கீப்பர் ஒருமுறை பாதித் தலையோடு படத்தில் வந்திருந்தார்.

“எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு நாளும் கோல் கீழ விழுந்ததில்ல” என்று கூட்டத்தில் சொன்னார். பலர் கண்ணைத் துடைத்தார்கள். அவருக்கு உடம்பு கூசியது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, றெக்கை பணிமனை வாசலில் தள்ளாடிக்கொண்டு வந்தான். பேச்சு குழறியது. கையிலிருந்த ஸ்பேனர் இரண்டு முறை நழுவி விழுந்தது. டைம் கீப்பர் தன் ஜன்னல் வழியே பார்த்தார், போதையில் பணிக்கு வந்ததாக அறிக்கை எழுதினார்.

“வாடை வந்துச்சா?” என்று மேலாளர் கேட்டார்.

அவர் றெக்கையின் பக்கத்திலேயே போயிருக்கவில்லை. ஆனாலும், “வந்துச்சு சார்” என்றார். ஏன் சொன்னோம் என்று அவர் தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. அந்தப் பாதித் தலைதான் காரணம் என்பது அவருக்குத் தெரியும்.

றெக்கையை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். எழுதியது யார் என்று மேலாளர் சொல்லவில்லை. நடத்துநர் ஒருவர் அவனுக்கு வைத்த ‘சரக்கு மாஸ்டர்’ என்ற பட்டப்பெயர் பணிமனையைத் தாண்டித் தெருவுக்கும் போனது. ஆறு மாதம் கழித்துப் பெரிய மருத்துவமனையில் உண்மை தெரிந்தது. நரம்பு நோய். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும், மருந்து கிடையாது என்றார்கள்.

டைம் கீப்பர் ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தார். அதற்குள் றெக்கைக்குக் கண்கள் மட்டும்தான் அசைந்தன. அவன் மனைவி எழுத்து அட்டையை விரலால் தடவிக்கொண்டே போக, வேண்டிய எழுத்தில் அவன் கண் சிமிட்டினான். சொ, ல், லு.

உண்மையைச் சொல்லிவிடத்தான் அவர் வந்திருந்தார். வாய் வரவில்லை. புதிதாக வந்த பேருந்துகளில் கதவு தானாகவே மூடிக்கொள்வதைப் பற்றிக் கால்மணி நேரம் பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

இரங்கல் கூட்டம் முடிந்த அன்று மாலை றெக்கையின் வீட்டுக்குப் போனார். சக்கர நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். மனைவியும் மகளும் மிச்ச மருந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னார்:

“தங்கச்சி, அன்னைக்கு எழுதிக் கொடுத்தது நான்தான். வாடை வந்துச்சுன்னு சொன்னதும் பொய்.”

அவள் நிமிரவில்லை. “தெரியும்ணே. மேலாளர் பேரை மறைச்சுட்டு இவர்கிட்ட காகிதத்தக் காட்டினாராம். தினமும் நேரப் பலகையில பாக்குற கையெழுத்து இவருக்குத் தெரியாதா? ‘அவனே வந்து சொல்லுவான், நீ எதுவும் கேக்காத’ன்னார். நீங்க வந்த அன்னைக்கு அதுக்குத்தான் அந்த மூணு எழுத்து. நீங்க பஸ் கதவப் பத்திப் பேசிட்டுப் போனீங்க.”

மகள் மருந்துப் பையைக் கீழே வைத்தாள்.

“பள்ளிக்கூடத்துல என்னைக் குடிகாரன் பொண்ணுன்னாங்க மாமா. நான் அப்பாவ நிக்க வெச்சு சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணினாரு. நான் நம்பல. நோயின்னு தெரியுற வரைக்கும் ஆறு மாசம் அவர்கிட்ட முகம் கொடுத்தே பேசல.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“எங்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. அங்க எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களா?”

“சொல்றேம்மா.”

மறுநாள் காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில், ஓட்டுநர்களும் நடத்துநர்களும் மெக்கானிக்குகளும் பலகை முன் கூடியிருந்தபோது சொன்னார். பாதித் தலை வந்த படத்தைப் பற்றியும் விடாமல் சொன்னார். பட்டப்பெயர் வைத்த நடத்துநர் தரையைப் பார்த்தார்.

வயதான ஓட்டுநர் ஒருவர் மட்டும், “இத நேத்து கூட்டத்துல சொல்ல முடியலயா? அவன் சம்சாரம் முன்வரிசையிலதான உக்காந்திருந்தா?” என்று கேட்டார்.

அந்த ஓட்டுநரின் ஆறே கால் வண்டி புறப்படக் காத்திருந்தது. டைம் கீப்பர் பயணத் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஓட்டுநர் அவர் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனார்.