வெடிகுண்டு என்றால் பாராட்டா?

வெள்ளைக்காரன் கப்பலேறிப் பத்து வருஷம் ஆகிறது. அவன் பாஷை மட்டும் இங்கேயே தங்கி நம் பிராணனை வாங்குகிறது!

போன வாரம் நடந்தது. என் மைத்துனி கிரேஸ், சிவாஜிநகரில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக டீச்சர். சனிக்கிழமை, அவள் பழக்கிய பிள்ளைகளின் நாடகம். முடிந்ததும், இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியை அவளிடம், "யுவர் ப்ளே வென்ட் லைக் எ பாம்!" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

வெடிகுண்டு மாதிரிப் போயிற்றாம்! கிரேஸ் அழுதுகொண்டே என் வீட்டுக்கு வந்தாள்.

மாடி வீட்டு அருள்தாஸ் சும்மா இருந்தாரா? ஒரு அமெரிக்க இன்ஜினீயரிடம் டைப்பிஸ்ட் அவர். "எங்க தொரை பாம்னு சொன்னா படுதோல்வின்னு அர்த்தம்மா. சந்தேகமே வேணாம்" என்று தீர்ப்பளித்துவிட்டார்.

திங்கட்கிழமை கிரேஸ் பள்ளிக்கே போகவில்லை.

"எந்த மூஞ்ச வெச்சிக்கினு போவேன், மாமா? அவங்க நிறுத்தறதுக்குள்ள நானே நின்னுக்கறேன்."

நின்றால்? அவளும் என் மாமியாரும் சாப்பிடுவது அந்தச் சம்பளத்தில்தான்.

மறுநாள் நானே போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தேன். பொரிந்து தள்ளினார் அந்த அம்மாள். "எங்கே அந்தப் பெண்? வேலையை நிரந்தரமாக்கச் சொல்லியிருக்கிறேன். இன்று மத்தியானம் கமிட்டி கூடுகிறது. ஆளையே காணோம்!"

"நாடகம் பாம் என்றீர்களே, மேடம்?"

"ஆமாம். பிரமாதம் என்று அர்த்தம்!"

"அமெரிக்கர்கள் தோல்வி என்கிறார்களே?"

"அதை அவர்களிடம் போய்க் கேளுங்கள்!"

எனக்கு வந்த ஆத்திரம்... ஒரே வார்த்தை. இங்கிலாந்துக் கரையில் மாலை, அமெரிக்கக் கரையில் செருப்படி! நடுவில் நாம் எதை நம்பித் தொலைப்பது?

ஜட்கா பிடித்து ஓடினேன். வீங்கிய கண்களோடு கிரேஸை இழுத்து வந்து கமிட்டி முன் நிறுத்தினேன். தலைவர் நம்மூர்ப் பெரியவர். அவளிடம் கனிவாக, "வேர் டிட் யூ பாஸ் அவுட்?" என்று கேட்டார். எந்தக் காலேஜில் படித்து முடித்தாய் என்று கேட்கிறாராம்... நம்மூர் இங்கிலீஷ்!

கிரேஸ் வாய் திறப்பதற்குள் தலைமையாசிரியை பதறி எழுந்து, அவளைத் தாங்கிப் பிடித்து, "தண்ணீர்! சீக்கிரம் தண்ணீர்!" என்று கத்தினார். அவர் ஊரில் அதற்கு 'எங்கே மயங்கி விழுந்தாய்?' என்று அர்த்தமாம்.

வேலை நிரந்தரமாகிவிட்டது.

வந்த தண்ணீரை நான்தான் குடித்தேன்.