வெள்ளையில் மறைந்த எண்

அந்தப் பௌர்ணமி மாலை, அடி அண்ணாமலையில் இருக்கும் எங்கள் முதலுதவி முகாமின் போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. வெளியே கிரிவலக் கூட்டம் அலைமோதியது. மற்றப் பௌர்ணமிகளில் அந்தப் போன் ஓயாமல் அடிக்கும்.

முகாமின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவன் நான். அன்று காலைதான், பௌர்ணமி நேரம் காட்டும் கறுப்புப் பெட்டி ஒன்றை வேறொரு தளத்திலிருந்து எடுத்து அதில் ஒட்டியிருந்தேன். பெட்டி அழகாகத் தெரிந்தது. மற்றதைப் பார்க்கவில்லை.

ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தார். "எங்க வூட்டுக்காரர் மயங்கி வுழுந்துட்டாருங்க! உங்க வெப்சைட்ல கூப்பிடுங்கனு போட்டிருக்கு, நம்பரே இல்லீங்களே!"

நர்ஸ் பையோடு அவர் பின்னால் ஓடினார். நான் என் மொபைலில் எங்கள் இணையப் பக்கத்தைத் திறந்தேன். எண் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அங்கே விரலை அழுத்திப் பிடித்ததும், நீல நிழலுக்குள் எண் தெரிந்தது. பெட்டிக்குள் எண்களை வெள்ளையாகக் காட்டும் கட்டளை வெளியே கசிந்து, வெள்ளைப் பக்கத்தில் எங்கள் எண்ணையும் வெள்ளையாக்கியிருந்தது. அந்தக் கட்டளை வெளியே வராதபடி பெட்டியைத் தனிச் சட்டகத்துக்குள் அடைத்தேன். எண் திரும்பி வந்தது. ஐந்து நிமிட வேலை. அதைக் காலையிலேயே செய்திருக்கலாம்.

மயக்கம் தெளிந்த கணவரைத் தாங்கியபடி அந்தப் பெண் திரும்பினார். "நல்லவேளை நீங்கள்லாம் இருந்தீங்க. நம்பர் ஏங்க வரல?"

"நெட்வொர்க் பிரச்சினைங்க" என்றேன்.

அவர் நம்பிவிட்டார், கைகூப்பி நன்றியும் சொன்னார். அப்போது போன் அடித்தது. அதற்குமுன் கூப்பிடத் தவித்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.