திரும்பி வந்த மின்தடை

சமையலறையில் அவள் கை பட்டால் தட்டு உடையும். ஆய்வகத்திலோ அதே கை, தலைமுடியைவிட மெல்லிய நான்கு தங்கக் கம்பிகளைத் தூசியளவு படிகம் ஒன்றின் மேல் பதமாக ஒட்டிவிடும். "அங்க மட்டும் யாரு கையக் கொண்டுபோறே?" என்பார் பஸ் ஓட்டும் கணவர்.

அந்தப் படிகம் அடுக்கடுக்கானது. ஒட்டுநாடாவால் ஏடு ஏடாக உரிக்கலாம். சும்மா விட்டால் எவ்வளவு குளிரூட்டினாலும் மசியாது. இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்துத் திருகி நெருக்கினால், அடுக்குகள் நெருங்கி, கடும் குளிரில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும் என்பது அவள் நம்பிக்கை. பல வருடமாக அதையே கட்டிக்கொண்டு அழுதாள்.

போன வருடம் மின்தடை அளக்கும் மானி பூஜ்ஜியம் காட்டியதும் துள்ளிக் குதித்தாள். எல்லோருக்கும் கேக் வாங்கி, வீட்டுக்குப் போன் போட்டு, ஊரையே கூட்டிவிட்டாள். கேக் தீருவதற்குள் குட்டு உடைந்தது. இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அப்போதும் பூஜ்ஜியம்தான் வரும். அன்றிலிருந்து அவள் பெயரே 'பூஜ்ஜியம்'. கூடச் சேர்ந்து சிரித்தாலும் உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. போதாக்குறைக்கு, கருவியைப் பிரிக்கும்போது ஒரு வைரமும் விரிசல் விட்டது. மிச்சம் ஒரே ஜோடி.

"இதுவும் சொதப்பிச்சுன்னா இந்தப் படிகத்தை மூட்டை கட்டிடலாம்மா" என்று ஆய்வகத் தலைவர் சொல்லிவிட்டார்.

இன்று மறுபடியும் பூஜ்ஜியம். அறையே அவளைப் பார்த்தது. அவள் படிகத்தை மெல்லச் சூடேற்றத் தொடங்கினாள். கம்பிகள் தொட்டுக்கொண்டிருந்தால் பூஜ்ஜியம் அப்படியே நிற்கும். படிகத்தின் வேலை என்றால் சூட்டில் தடை திரும்பி வர வேண்டும். பூஜ்ஜியம் அசைவேனா என்று உட்கார்ந்திருந்தது. பிறகு திரையில் கோடு லேசாக நெளிந்து, விறுவிறுவென்று மேலே ஏறியது.

மறுபடி குளிரூட்டினாள், விழுந்தது. சூடேற்றினாள், எழுந்தது. அப்புறம்தான் போனை எடுத்தாள்.

"என்னங்க, பூஜ்ஜியம் போயிடுச்சுங்க!"

"ஐயோ, மறுபடியுமா? சரி விடு, வீட்டுக்கு வா."

"போனாத்தாங்க நெஜம்!" சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா நீ இப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. கேக் வாங்கட்டா?"

"பெருசா வாங்குங்க."

"வாங்குறேன். தட்டை மட்டும் நீ தொடாதே."