தொட்டு எழுப்பாத தூக்கம்

சின்னவளுக்கு வலிப்பு உண்டு. பேக்கரியில் கேக்கின் மேல் கிரீம் பூ போடும் வேலையும் உண்டு. முதலாவதைக் காரணம் காட்டி இரண்டாவதை யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

போன மாதம் கடையிலேயே விழுந்துவிட்டாள். நினைவு வந்தபோது பாதி ரோஜா கேக்கிலும் மீதி அவள் தலைமுடியிலும் இருந்தது. முதலாளி கெட்டவர் அல்ல, பயந்தவர். "இன்னொரு தடவை ஆச்சுன்னா கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடும்மா" என்றார். அந்தக் கொஞ்ச நாளுக்கு முடிவே இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். மாத்திரை? ஒரு வேளைகூடத் தப்பியதில்லை. சாப்பாடு? நேரத்துக்கு. தூக்கம்? அம்மா முந்திக்கொண்டாள்.

"சீக்கிரமே படுக்க வெச்சிடுவேன் டாக்டர். நடுவுல நடுவுல லைட்டப் போட்டு, மூச்சு சீரா வருதான்னு தொட்டும் பாத்துக்குவேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தொட்டா முழிச்சுக்குவாங்களா?"

"முழிப்பா. 'நல்லா இருக்கியா கண்ணு'ன்னு கேப்பேன். 'ம்'னு சொன்னாத்தான் எனக்கு உசுரே வரும்."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. சித்தி வீட்டில் தங்கும் நாட்களில் வலிப்பு எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சித்தி படுத்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எழமாட்டாள். அதைச் சொன்னதும் டாக்டர் தலையாட்டினார். "தூக்கம் கெட்டா சிலருக்கு வலிப்பு வரும். உங்களுக்கும் அப்படித்தான் தெரியுது. மாத்திரையை விடாதீங்க. தூக்கத்தையும் உடைக்காதீங்க."

பஸ் நிறுத்தத்திலேயே சண்டை தொடங்கியது.

"இனிமே தூங்கும்போது என்னைத் தொடாத."

"பெத்தவ மனசு கேக்குமாடி?"

"அதுக்காக நிமிஷத்துக்கு நிமிஷம் வந்து பாப்பியா? நான் என்ன அடுப்புல வெச்ச பாலா?"

அம்மாவுக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் ஒப்பந்தம் ஆனது. கதவைத் தாழிடுவதில்லை. அக்கா அதே அறையில் படுப்பாள், சத்தம் கேட்டால் கூப்பிடுவாள். மற்றபடி லைட்டும் கிடையாது, தொடுவதும் கிடையாது. முதல் வாரம் சின்னவள் முகம் தெளிந்தது, அம்மாவின் கண்ணுக்குக் கீழே கறுத்தது.

மாதம் முடியும் சமயம் முதலாளி பரபரப்பாக வந்தார். நாளைக்கு ஒரு கல்யாணம், மூன்று அடுக்கு கேக். "இன்னிக்கு ராத்திரி இருந்து முடிச்சுக் குடுத்துடும்மா."

முன்பு என்றால், தன்னாலும் முடியும் என்று காட்டவே உட்கார்ந்திருப்பாள். இப்போது நிமிர்ந்து பார்த்தாள்.

"ராத்திரி முழிக்கிறது எனக்கு ஆகாது முதலாளி. காலைல கடை திறக்கும்போதே வந்துடறேன். மத்தியானத்துக்குள்ள மூணு அடுக்கும் ரெடியாயிடும்."

"கண்டிஷன் போடுற அளவுக்கு வந்துட்டியா?"

"கேக்கு மேல விழறதுக்குக் கண்டிஷன் போடுறது தேவலையே."

அவர் அவளை முறைத்தார். ஆர்டர் சீட்டைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். அவள் கிரீம் பையைக் கழுவத் தொடங்கினாள்.

"ஆமாங்க, மத்தியானம்தான் கிடைக்கும்," என்று அவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க கேக் மாஸ்டர் ராத்திரி வேலை பாக்க மாட்டாங்க."