சில்வண்டுக்குப் போட்ட வாய்க்கரிசி

இது நடந்தது. 2006 டிசம்பரில், ஜெர்மனியில் ஆஹெனுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்து அருங்காட்சியகத்தில், எனக்கே நடந்தது. கதை கட்டி எழுத எனக்குக் கற்பனையும் கிடையாது, பொழுதும் கிடையாது. கண்ணாடி துடைப்பது என் வேலை. கண்ணாடியில் படிவது தூசியா, கைரேகையா, மூச்சா என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். முன்பெல்லாம் பேய் என்று யாராவது தொடங்கினால் முதலில் சிரிப்பவள் நான்தான். இப்போது எழுந்து அடுப்படிக்குள் போய்விடுகிறேன்.

அன்று திங்கட்கிழமை. விடியற்காலை ஐந்தரைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நேசமலர்ச் சின்னம்மா தொலைபேசியில் கூப்பிட்டார்.

“கலா… கொம்மா எங்களை விட்டுப் போட்டா பிள்ளை.”

என் அம்மா போய்விட்டாள் என்ற அந்தச் செய்தியோடு லைன் அறுந்தது. திரும்பத் திரும்ப எடுத்தேன். கிடைக்கவே இல்லை.

நான் போயிருக்க வேண்டும். அந்த ஜூலையில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதை திறந்துதான் இருந்தது. “ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போவன்” என்று அம்மா கேட்டாள். எனக்கோ அப்போதுதான் இந்த வேலை கிடைத்திருந்தது. ஆறு மாதம் புரோபற்சைட், அதாவது தகுதிகாண் காலம். அதற்குள் லீவு கேட்டால் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். “இது முடியட்டும் அம்மா, ஓடி வாறன்” என்றேன். ஓகஸ்டில் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள்.

அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. வாய்க்கரிசி போடப் பெற்ற பிள்ளையின் கை என்று இருந்தது என்னுடையது மட்டும்தான். அந்தக் கையாவது அவளுக்கு உதவட்டும் என்று, வீட்டில் இருந்த அம்மாவின் படத்துக்கு முன்னால் பச்சையரிசி எடுத்துக்கொண்டு நின்றேன். அடையாள அட்டைக்கு எடுத்த படம். வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அரிசி சட்டத்துக் கண்ணாடியில் வழுக்கி நிலத்தில் கொட்டுப்பட்டது. மனம் கேட்கவில்லை. பொறுக்கி, கழுவி, ஒரு கடதாசியில் மடித்து மேற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு வேலைக்குப் போனேன். ஆமாம், அம்மா செத்த அன்றே வேலைக்குப் போனேன். புரோபற்சைட் இன்னும் முடியவில்லை. இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

அருங்காட்சியகத்தில் ஒரு புதுக் கண்காட்சிக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. பழைய சீனாவின் ஜேட். பச்சைக்கல். அதற்குப் பொறுப்பான லின்ட்னர் அம்மா, எதைத் தொடக்கூடாது என்று காட்டுவதற்காகவே துப்புரவுக்காரர்களான எங்களைப் போன வாரம் சுற்றிக் கூட்டிப்போயிருந்தார். நடுவில் ஓட்டை போட்ட வட்டக் கற்கள். வெளியே சதுரம், உள்ளே வட்டமாக நீண்ட குழாய்கள். இரும்பு என்ற ஒன்றையே அறியாத காலத்து ஆட்கள், ஈரமணலை வைத்து மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துச் செய்தவை. கல் விளைந்தது ஒரு நாட்டில், அது கிடைத்த கல்லறை வேறொரு நாட்டில் என்றார். ஒரு தலைவன் இன்னொரு தலைவனுக்குக் கொடுப்பான், அவன் அடுத்தவனுக்குக் கொடுப்பான், கை மாறிக் கை மாறிக் கல் பெருந்தூரம் போகும்.

“வாங்கியவர் சும்மா இருக்க முடியாது. பதிலுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும்” என்று சொல்லிச் சிரித்தார்.

கடைசிப் பெட்டியில் ஒரு சில்வண்டு இருந்தது. பிற்காலத்தது, இரண்டாயிரம் வருடம் இருக்கும். பெருவிரல் நீளம். மங்கலான பச்சை. செத்தவரின் நாக்கில் வைப்பதற்காகச் செய்தது. சில்வண்டு மண்ணுக்குள்ளிருந்து வெளியே வருகிற மாதிரிச் செத்தவரும் வருவார் என்று நம்பினார்களாம். ஜேட் வைத்தால் உடம்பு அழுகாது என்றும் நம்பினார்களாம்.

அப்போது நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை எல்லாம் ஒரேயடியாக ஞாபகம் வந்தது.

பின்நேரம் நாலு மணி. வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. சில்வண்டுப் பெட்டியின் கண்ணாடி மூடியைக் கழற்றி, உட்பக்கம் துடைக்க என்னிடம் தந்துவிட்டு, வேலையாட்கள் இருவரும் கோப்பி குடிக்கப் போனார்கள். கல் என் கைக்கெட்டும் தூரத்தில் திறந்தபடி கிடந்தது.

ஒரு வாய்க்குள் கிடந்த கல்.

எனக்கு அதுதான் மனதில் ஓடியது. படத்துக்கு வாய் திறக்காது. இதுவோ ஒரு வாயை அறிந்த கல். இதற்குப் போட்டால் அம்மாவுக்குப் போய்ச் சேரும் என்று எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். என் புத்தி அன்று அப்படித்தான் போனது.

கையுறையோடு கல்லை மெல்ல உயர்த்தினேன். கடதாசியை விரித்து, ஒரு சிட்டிகை அரிசியை அதன் அடியில் போட்டேன். “அம்மா” என்று சொல்ல வாயெடுத்தேன். யாராவது வருகிறார்களா என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பெயர் சொல்லாமலே போட்டுவிட்டேன்.

காலடிச் சத்தம். கல்லைப் பழையபடி வைத்தேன். அவர்கள் வந்து மூடியை இறக்கிப் பூட்டினார்கள். ஒன்றும் கவனிக்கவில்லை. வெளிப்பக்கத்தையும் துடைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாலரை.

துணியால் ஒரு தடவை துடைத்தேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பிறகு சில்வண்டுக்கு நேரே ஒரு சின்ன மங்கல் தெரிந்தது. காசளவு வட்டம். துடைத்தேன். போகவில்லை.

மங்கல் உட்பக்கம் இருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கவே சுருங்கி மறைந்தது. மறுபடி வந்தது. மறைந்தது. வந்தது.

இடம் மாறி இடம் மாறி இருபது வருடமாகக் கண்ணாடி துடைக்கிறேன். அது மூச்சு.

குனிந்து அரிசியைப் பார்த்தேன். கல்லின் ஓரத்தில் நாலைந்து மணி வெளியே தெரிந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டு.

பிறகு ஒன்று…

அப்போதுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. ர்ர்ர்ரீ… என்று. மெல்லியதாக, விடாமல். சில்வண்டு. ஊரில் கோடைக்குக் காதைத் துளைக்கும் அதே சத்தம். டிசம்பரில். ஜெர்மனியில். ஜன்னலே இல்லாத அறையில்.

சத்தம் நின்றது. அதோடு விளக்கும் நின்றது. ஆள் அசையாவிட்டால் தானாக அணைகிற விளக்கு அது. நான் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றிருக்கிறேன்.

கையை வீசினேன். விளக்கு வந்தது.

பெட்டிக்குள் கல் இல்லை.

பூட்டு அப்படியே இருந்தது.

தாங்கி மட்டும் வெறுமையாக…

கத்த வாயைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. நாக்கின் மேல் ஏதோ கிடந்தது. குளிராக. கனமாக. வழுவழுப்பாக.

சுவர் மணிக்கூட்டில் நாலே முக்கால்.

வாசல் காவலுக்கு நின்ற ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை சுற்றிப் பார்க்க உள்ளே வந்தார். மன்னார் ஆள். நல்ல மனிசன். அம்மா போன செய்தியை அவரிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் வீட்டுக்குப் போ என்று துரத்தியிருப்பார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

“என்ன பிள்ளை, வாய்க்குள்ள என்ன வைச்சிருக்கிறாய்?”

தலையை ஆட்டினேன்.

“கன்னம் உப்பிக் கிடக்கு. பல்லுக் கில்லு வீங்கிப் போச்சோ?”

கழிவறைக்கு ஓடினேன். குழாயைத் திறந்து குனிந்தேன். விரல் விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. குளிர் அப்படியே நாக்கைவிட்டுக் கழன்று போனது. எங்கேயோ போனது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது, கையிலிருந்து ஒரு சாமானை யாரோ வாங்கிக்கொண்டு போகிற மாதிரி.

திரும்பி வந்தேன். ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை பெட்டிக்குப் பக்கத்தில் சாதாரணமாக நின்றார்.

உள்ளே சில்வண்டு கிடந்தது. மல்லாக்காக. ஈரமாக.

அரிசி ஒரு மணிகூட இல்லை.

அண்ணையிடம் அப்போதுதான் அம்மா செத்ததைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. அவர் சிலுவை போட்டுக்கொண்டு, என் மேலங்கியை எடுத்துத் தந்து, பேருந்துத் தரிப்பு வரை கூடவே வந்தார். மறுநாள் கல் ஏன் மல்லாந்து கிடக்கிறது என்று லின்ட்னர் அம்மா வேலையாட்களைத் திட்டினார். நான் பக்கத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பாவமும் என்னுடையதுதான்.

வெள்ளிக்கிழமை சின்னம்மாவின் லைன் கிடைத்தது. ஊரடங்கால் சுடலைக்குக் கொண்டுபோக அனுமதி கிடைக்காமல் அம்மாவை இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்களாம். ஐஸ் இல்லை. உடம்பு பழுதாகாமல் மருந்தேற்ற ஆளில்லை.

“ஆனா கலா, கொம்மா பழுதாகவே இல்லையடி. ஒரு மணமும் இல்லை. வந்த சனமெல்லாம் அதிசயப்பட்டதுகள். உடம்புதான் கல்லுமாதிரிக் குளிர்.”

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

“ஒரு குறைதான் பிள்ளை. வாய்க்கரிசி போட ஏலாமப் போச்சுது.”

“ஏன் சின்னம்மா?”

“முதல் நாள் வாய்க்கட்டுக் கட்டியும் வாய் லேசாத் திறந்துதான் இருந்தது. இரவு ஒன்பதேகால் இருக்கும், விளக்குக்கு எண்ணெய் விட எழும்பிப் பாக்கிறன், வாய் இறுகிப் போச்சுது. ஒரு பக்கக் கன்னம் உப்பிக்கொண்டு கிடந்தது. உள்ளுக்க என்னவோ கிடக்கிற மாதிரி. ஐயர், பெரியாக்கள் எல்லாரும் திறக்கப் பாத்தினம். ஏலாது. போட்ட அரிசியெல்லாம் வழுக்கி நிலத்திலதான் விழுந்தது.”

அங்கே ஒன்பதேகால் என்றால் இங்கே நாலே முக்கால்.

“நீ அழாதை பிள்ளை” என்றார் சின்னம்மா. “கொம்மா உனக்குத்தான் பாத்துக்கொண்டு கிடந்தவ. உன்ரை கையால அரிசி வேணுமெண்டுதான் வாயை மூடிப்போட்டா. வேறை என்ன?”

ஓம் சின்னம்மா என்றேன். அம்மாவுக்கு வைத்திருந்த அரிசியை என் கையாலேயே அந்தக் கல்லுக்குச் சொந்தமான யாரோ ஒருவருக்குப் போட்டுவிட்டேன், வாங்கியவர் சும்மா இருக்கவில்லை என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.