குடும்பத் தலைவர் யாருன்னு கேட்டாங்க

எனக்கு எழுபத்திரண்டு வயசு. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெத்தது, ரெண்டு என் தங்கச்சி விட்டுட்டுப் போனது. கடைசிப் பிள்ளை தவழுறப்பவே எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டார். அன்னையிலிருந்து மண்டியில சின்ன வெங்காயத்துக்குக் காஞ்ச தாள் அறுக்குற வேலை. முட்டி வலிக்குதுன்னு இப்ப காலையில மட்டும் போறேன்.

போன மாசம் எங்க தெருவுக்குக் காலேஜ்ல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. வீடு வீடாக் கேள்வி கேட்டு போன்ல பதிஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஒரு குடும்பம் எதெதனால ஏழையா இருக்குன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பார்க்கப் போறாங்களாம். ஓடா கூரையா, எத்தனை பேரு, யார் யார் படிச்சிருக்காங்கன்னு கேட்டுட்டு, "குடும்பத் தலைவர் யாரு பாட்டி?"ன்னுச்சு.

எங்க தெருவுல இதுக்கு எந்தப் பொம்பளையும் தன் பேரைச் சொல்ல மாட்டா. பக்கத்து வீட்டுக்காரி புருஷன் வத்தலக்குண்டுல வேற குடும்பம் வச்சு வருஷக்கணக்காச்சு. அவளும் அந்த மனுஷன் பேரைத்தான் சொல்லியிருந்தா.

நான் வாயெடுக்குமுன்னே சேர்ல உட்கார்ந்திருந்த என் மூத்தவன், "நான்தான், எழுதிக்கங்க மேடம்"னான்.

"ஏலே, ரேஷன் கடை எந்தத் தெருவுல இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"எம்மா, செத்த சும்மா இரு. ஆம்பளை இருக்குற வீட்டுல உன் பேரைச் சொன்னா என்னைய என்ன நினைப்பாங்க?"

நான் அந்தப் பொண்ணுகிட்டத் திரும்பி, "பொம்பளை தலைமைன்னு போட்டா உன் கணக்கு என்ன சொல்லும் தாயி?"ன்னேன்.

அது தயங்கிச்சு. "அந்த வீடெல்லாம் ரொம்ப ஏழைன்னுதான் காட்டுது பாட்டி. ஆனா கஷ்டத்துல இருந்து நிமிர்ந்த வீட்டுல, பொம்பளை நடத்தினாலும் ஆம்பளை பேரைச் சொல்லிர்றாங்க. வேற ஆளே இல்லாத வீட்டுலதான் பொம்பளை பேரு வருது. அதனால கணக்கு ஒரு பக்கமாச் சாயுதோன்னு எங்களுக்கே சந்தேகம்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. கூரையைப் பிரிச்சு ஓடு போட்டது, ஆறு பேரையும் பள்ளிக்கூடம் அனுப்பினது, குஜிலியம்பாறையில பொண்ணைக் கட்டிக் கொடுத்தது, அம்புட்டும் இவன் தலைமையில நடந்ததா அந்தக் கம்ப்யூட்டர் நம்பணுமா?

"எம் பேரைப் போடு தாயி. படிப்பு ரெண்டாங் கிளாஸ், நிலம் இல்லை, புருஷன் இல்லை. எதையும் மறைக்காமப் போடு. என் மக நர்ஸ் வேலை பார்க்குறதையும் சேர்த்துப் போடு."

"ரெண்டு பேரும் வேற வேற சொன்னா நான் எதை எழுதறதுண்ணே?"ன்னு அது என் மகனைப் பார்த்துச்சு.

அடுப்படியில இருந்து மருமக, "தலைவரே, பதில் சொல்லுங்க"ன்னு சிரிச்சா.

அவன் தலையைச் சொறிஞ்சான். "எங்கம்மா பேரையே போடுங்க மேடம். இல்லாட்டி இன்னைக்குச் சோத்துக்கு வெஞ்சனம் கிடைக்காது."

அந்தப் பொண்ணு போட்டுட்டு போனை எங்கிட்டக் காட்டுச்சு. எழுத்துக் கூட்டி எம் பேரை நானே படிச்சேன். வாசல்ல நின்னு பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "ஏம்மா, எங்க வீட்டுலயும் பேரை மாத்தலாமா?"ன்னு மெல்லக் கேட்டா. அந்தப் பொண்ணு அவ கூடவே திரும்பிப் போச்சு.

ஏ ஆத்தா, என் பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை முதல்ல இருந்து வாசி. சத்தமா வாசி. உங்கப்பன் உள்ளதான் இருக்கான், அவன் காதுலயும் விழட்டும்.