அத்தை கொண்டுவந்த கேசட்

லண்டனிலிருந்து அத்தை திரும்பி வந்தபோது நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போனவள் என்பதால் அதுவரை அவளை நான் பார்த்ததில்லை. மாமா அவளோடு வரவில்லை. ஊரப்பாக்கத்தில் அப்போதுதான் கட்டி முடித்திருந்த எங்கள் வீட்டின் பின்னறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். எதுவும் கேட்கக் கூடாது என்று அம்மா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

எனக்குக் கேட்க எதுவும் இல்லை. அவளோடு கேசட் போட்டுப் பார்க்கும் ஒரு டெக்கும் பை நிறைய வீடியோ கேசட்டுகளும் வந்திருந்தன. அங்கே சாயங்காலங்களில் டிவியில் குழந்தைகளுக்குக் காட்டும் நிகழ்ச்சிகளை அவளே பதிவு செய்து வைத்திருந்தாள். துணிப் பொம்மைகள் சண்டை போடும். ஒரு பெண்மணி முட்டை அட்டைகளை வெட்டி ஒட்டிக் கோட்டை கட்டுவாள். அந்த இங்கிலீஷ் எனக்குப் பிடிபடாது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைகளின் குரலிலேயே தமிழில் சொல்வாள். பிள்ளையில்லாத அத்தை எனக்காகவே இதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஒரு கேசட்டில், நடுவே ஒரு இளைஞன் வந்து, பிள்ளைகள் தங்கள் பிறந்தநாளுக்கு அனுப்பிய அட்டைகளைக் காட்டுவான். அவற்றில் ஒன்றில் கிரேயானால் வரைந்த யானை இருந்தது. அதை அனுப்பிய பிள்ளையின் பெயர் என்று அவன் படித்தது ஒரு தமிழ்ப் பெயர். தப்பாகத்தான் படித்தான். அத்தை மெதுவாக அதைத் திருத்திச் சொல்வாள். பிறகு பின்னால் ஓட்டி மறுபடியும் போடுவாள்.

"யாரு அத்தை அது?"

"தெரிஞ்ச பொண்ணுடா கண்ணு."

"பொம்மையைப் போடுங்க அத்தை, போர் அடிக்குது."

மழைக்காலத்தில் அந்த கேசட் டெக்குக்குள் சிக்கிக்கொண்டது. அந்த யானை வரும் இடத்தில்தான். அத்தை விரலை விட்டு நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தாள். கசங்கிச் சுருண்டு வந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. அப்பா மறுநாளே தாம்பரத்தில் ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனார். நானும் போனேன்.

"நசுங்கின எடத்த கட் பண்ணி ஒட்டிட்டேன் சார். கொஞ்சந்தான் போச்சு. மீதியெல்லாம் சூப்பரா கீது" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் போட்டோம். இளைஞன் வந்தான். வேறு ஏதோ ஒரு அட்டையைக் காட்டினான், படம் ஒரு துள்ளுத் துள்ளியது, உடனே பொம்மைகள் வந்துவிட்டன. துளி கோடுகூட இல்லை. நான் கை தட்டினேன்.

"அத்தை, நல்லாயிடுச்சு பாருங்க!"

"ஆமாண்டா. நல்லாயிடுச்சு" என்றாள்.

அத்தைக்கு ஒரு மகள் இருந்ததையும், கோர்ட்டு அவளைத் தகப்பனோடு விட்டதையும், நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். கேசட்டைச் சரி செய்து போட்ட அன்று அத்தை நாடா தீரும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொம்மைகள் பேசின. அவள் எதையும் தமிழில் சொல்லவில்லை. எனக்கே இங்கிலீஷ் புரிய ஆரம்பித்துவிட்டது என்று அவள் நினைத்துவிட்டாள் என்று, நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.